திரும்பி வரும் பொருளின் கணக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஒரு விமான எஞ்சினை ஓவர்ஹாலுக்காகக் கழற்றும்போது உள்ளே என்ன இருக்கும் என்பது கடைசி நட்டைக் கழற்றும்வரை யாருக்கும் தெரியாது. ஒரு பிளேடு புதிதுபோல் பளிச்சென்று இருக்கும். அதற்கு அடுத்தது விரிசல் விட்டிருக்கும். கழுவுவதற்கு ஒரு பட்டறை, வெல்டிங்குக்கு ஒன்று, முலாம் பூச இன்னொன்று என்று பாகங்கள் ஆளுக்கொரு திசையில் போகும். அவற்றில் சில, எந்த எஞ்சினிலிருந்து வந்தனவோ அதே எஞ்சினுக்குத்தான் திரும்பிப் போயாக வேண்டும். எல்லாம் தயாராகி ஒரே ஒரு பாகம் வராவிட்டால் எஞ்சின் அப்படியே தரையில் கிடக்கும். 1990களில் டேனியல் கைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம் ஆராய்ச்சி வாழ்வைத் தொடங்கியது இந்தச் சிக்கலில்தான். அமெரிக்கக் கடற்படையின் விமானப் பராமரிப்பு நிலையங்களில் வேலையை எப்படி வரிசைப்படுத்துவது என்பதே அவருடைய தொடக்கக் கால ஆய்வு.

புதுப் பொருள் செய்யும் ஆலைக்கு இந்தக் குழப்பம் கிடையாது. எத்தனை போல்ட், எந்தத் தேதிக்குள் என்று ஆர்டர் கொடுத்தால் சப்ளையர் அனுப்பிவிடுவார். பழைய பொருளைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, புதிதுக்கு இணையான தரத்தில் திரும்ப விற்கும் மறுஉற்பத்தித் தொழிலிலோ சரக்கை அனுப்புகிறவர் வாடிக்கையாளர். அவருக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போதுதான் பொருள் வரும். அவர் எப்படி வைத்திருந்தாரோ அப்படித்தான் வரும். அமெரிக்க மறுஉற்பத்தி நிறுவனங்களிடம் விசாரித்து கைட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, இந்தத் தொழிலைச் சாதாரண உற்பத்தியிலிருந்து பிரிக்கும் ஏழு சிக்கல்களை எடுத்துச் சொன்னது. எவ்வளவு வரும், எப்போது வரும் என்ற நிச்சயமின்மை அவற்றில் முதலாவது. பிரித்தபின் எவ்வளவு தேறும் என்பது இன்னொன்று. ஒரே மாதிரியான இரண்டு பொருள்களுக்கு ஒரே வேலை போதாது, ஒன்று அரை மணியில் முடியும், மற்றொன்று அரை நாள் எடுக்கும் என்பதும் அதில் உண்டு. இந்தப் பட்டியலில் உள்ள எதையும் ஓர் ஊர் மெக்கானிக்குக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பல்கலைக்கழகங்களின் உற்பத்தி மேலாண்மைப் பாடநூல்கள் அதுவரை புதுப் பொருளை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டு வந்தன.

தொழில் சின்னதாக இருந்திருந்தால் அது பெரிய குறையாகாது. அமெரிக்காவின் ராபர்ட் லண்ட் 1984-இல் உலக வங்கிக்காக ஒரு மறுஉற்பத்தி ஆய்வைச் செய்தார். 1996-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் வெளியிட்ட கணக்கின்படி அமெரிக்காவில் இத்தொழிலில் ஏறத்தாழ 73,000 நிறுவனங்கள் இருந்தன. ஆண்டு விற்பனை 5,300 கோடி டாலர். வேலை பார்த்தவர்கள் 4,80,000 பேர். லாரி எஞ்சின், ஆல்டர்னேட்டர், டயர், டோனர் கேட்ரிட்ஜ் என்று பரவிக் கிடந்த இவ்வளவு பெரிய தொழிலுக்கு அரசுப் புள்ளிவிவரங்களில் தனி இடம்கூட இல்லை.

கைட்டின் நெடுங்காலக் கூட்டாளியாக அமைந்தவர் லூக் வான் வாஸன்ஹோவ. பெல்ஜியத்துக்காரர், பொறியியல் படித்தவர். லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1979-இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கும் ராட்டர்டாமின் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்தி, 1990-இல் பிரான்சின் இன்சியாட் வணிகப் பள்ளிக்கு வந்தார். கணித முறைகளில் தேர்ந்த அவர் திரும்பி வரும் பொருள்களின் பக்கம் வந்ததற்கு நெதர்லாந்து ஒரு காரணம். நிலம் குறைந்த அந்த நாட்டில் குப்பையைக் கொட்ட இடமில்லை. விற்றதைத் திரும்ப எடுத்துக்கொள் என்று நிறுவனங்களைச் சட்டம் நெருக்கத் தொடங்கியிருந்தது. 1995-இல் மூன்று சக ஆய்வாளர்களோடு அவர் எழுதிய கட்டுரை, நகல் எடுக்கும் இயந்திரம் செய்யும் ஒரு நிறுவனத்தையும் பி.எம்.டபிள்யூ., ஐ.பி.எம். ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு, திரும்பி வரும் பொருளை என்னவெல்லாம் செய்யலாம் என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டியது. பழுதுபார்த்தல், புதுப்பித்தல், மறுஉற்பத்தி, உதிரிபாகத்துக்காகக் கழற்றுதல், உருக்கி மறுசுழற்சி செய்தல் என்ற இந்த வரிசை இன்று சுழற்சிப் பொருளாதாரம் பேசும் எல்லாருடைய படங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அந்தக் கருத்தைப் பரப்பும் எலன் மக்ஆர்தர் அறக்கட்டளை 2010-இல் தொடங்கப்படுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட கட்டுரை அது. 1997 முதல் ராட்டர்டாமைத் தலைமையாகக் கொண்டு ஆறு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் நடத்திய திரும்பி வரும் பொருள்களைப் பற்றிய 'ரெவ்லாக்' ஆய்வுத்திட்டத்தில் இன்சியாடும் ஓர் அங்கம். ஒரு துறைக்கு வேண்டிய ஆட்கள் அங்கிருந்து வந்தார்கள்.

கைட்டும் வான் வாஸன்ஹோவவும் சேர்ந்து கேட்ட கேள்வி வேறு மாதிரியானது. திரும்பி வந்த பொருளை எப்படிச் சரிசெய்வது என்று பொறியாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, இதில் காசு இருக்கிறதா, இருந்தால் அது எங்கே ஒழுகிப் போகிறது என்று இவர்கள் கேட்டார்கள். சுற்றுச்சூழலில் அக்கறையுள்ள பலருக்கு இந்தக் கேள்வி அப்போது உறுத்தலாகவே இருந்தது. இன்றும் சிலருக்கு இருக்கிறது. ஆனால் இந்தத் துறைக்கு அவர்கள் செய்த மிகப் பெரிய உபகாரம் இதுதான் என்று இந்தச் சொற்பொழிவு துணிந்து சொல்கிறது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பித் தொடங்கும் சுழற்சி, நல்லெண்ணம் தளர்ந்த அன்று நின்றுவிடும். பொருள் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் அடுத்தவருக்கு ஏதாவது மிஞ்சினால்தான் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

2001-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையின் நடுவில் இருப்பது மிச்சிகன் மாநிலத்து ரீசெல்லுலார் என்ற நிறுவனம். பழைய செல்பேசிகளை வாங்கிச் சரிசெய்து விற்பது அதன் தொழிலாக இருந்தது. நாட்டுக்கு நாடு அலைவரிசைத் தொழில்நுட்பம் வேறாக இருந்த காலம் அது. ஓரிடத்தில் யாரும் சீண்டாத மாடலுக்கு இன்னோர் இடத்தில் நல்ல கிராக்கி இருக்கும். விலையோ அடிக்கடி ஏறி இறங்கும். வந்ததையெல்லாம் வாரிப் போட்டுக்கொண்டால் கிடங்கில் குப்பைதான் சேரும். ஆகவே அந்த நிறுவனம் செல்பேசிகளைத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு விலை சொல்லி, தேவையானதை மட்டும் வாங்கியது. நம் ஊர் காயலான் கடைக்காரர் பித்தளைக்கு ஒரு விலை, தகரத்துக்கு ஒரு விலை என்று தராசில் வைக்கும் அதே புத்திதான். இதிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்த முடிவு முக்கியமானது. திரும்பி வரும் சரக்கின் நிச்சயமின்மை இயற்கை விதித்த தலையெழுத்து அன்று. நல்ல பொருளுக்கு நல்ல விலை கொடுத்தால் நல்ல பொருளே வந்து சேரும். தொழிற்சாலைக்குள் எவ்வளவு சாமர்த்தியமாகத் திட்டமிட்டும் தீராத குழப்பத்தில் பாதியை வாசலில் சொல்லும் கொள்முதல் விலை தீர்த்துவிடுகிறது.

அடுத்து அவர்கள் கை வைத்தது காலத்தில்.

அமெரிக்கக் கடைகள் பலவற்றில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். ஹெச்.பி. இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்றை ஒருவர் வாங்கிப் போகிறார். கம்ப்யூட்டரோடு இணைக்கத் தெரியவில்லை. பெட்டியோடு கடையில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். பிரிண்டரில் ஒரு கோளாறும் கிடையாது. அதன்பின் அது கடையின் பின்னறையில் கிடக்கும், ஒரு லாரிக்கு வேண்டிய அளவு சேர்ந்ததும் ஏதோ ஒரு மையக் கிடங்குக்குப் போகும், அங்கே வரிசையில் நிற்கும், சோதிப்பார்கள், பெட்டி மாற்றுவார்கள், விற்பனைக்கு வருவதற்குள் புது மாடல் கடைக்கு வந்திருக்கும். திரும்பி வரும் சரக்கு வெறும் தொல்லை, அதை எவ்வளவு மலிவாகக் கையாள முடியுமோ அவ்வளவு மலிவாகக் கையாள வேண்டும் என்பதே நிறுவனங்களின் எண்ணமாக இருந்தது. லாரி நிறையும்வரை காத்திருப்பது மலிவுதான். ஆனால் கம்ப்யூட்டர் போன்ற பொருள்களின் மதிப்பு வாரத்துக்கு 1 சதவீதத்துக்கும் மேலாகக் கரைகிறது. துளையிடும் கருவி, ரம்பம் போன்ற மின்கருவிகளுக்கு அதே அளவு தேய்மானம் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குத்தான் வருகிறது. 2004-இலும் 2006-இலும் வெளிவந்த கட்டுரைகளில் ஜோசப் பிளாக்பர்ன், கில்வன் சோசா ஆகியோருடன் சேர்ந்து இவர்கள் நிறுவியது இதைத்தான். மின்கருவி என்றால் ஒரே மையக் கிடங்கு, நிறைந்த லாரி, குறைந்த செலவு போதும். பிரிண்டர் என்றால் கடையிலேயே ஒருவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, தொடாத பொருளை அன்றைக்கே அலமாரியில் வைக்க வேண்டும். கோளாறுள்ளதை மட்டும் அனுப்ப வேண்டும். எல்லாப் பொருளுக்கும் ஒரே திரும்பும் பாதை என்று வைத்திருந்த நிறுவனங்களின் கண்ணெதிரே காசு கரைந்துகொண்டிருந்தது. கணக்குப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு கலம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

பழையதை யார் சேகரிப்பது? இன்சியாடில் முனைவர் ஆய்வு செய்த கானன் சவஸ்கான், சாந்தனு பட்டாச்சார்யா, வான் வாஸன்ஹோவ மூவரும் 2004-இல் இதை ஒரு கணித மாதிரியாக எழுதினார்கள். தயாரிப்பாளரே சேகரிக்கலாம், கடைக்காரர் சேகரிக்கலாம், மூன்றாவது ஆள் ஒருவரிடம் விடலாம். வாடிக்கையாளருக்கு மிக அருகில் இருப்பவரான கடைக்காரரிடம் விடுவதே தயாரிப்பாளருக்கும் நல்லது என்று அந்த மாதிரி காட்டியது. இதற்கு உயிருள்ள சான்று கோடாக்கின் ஒருமுறை கேமரா. படம் எடுத்து முடித்தவர் ஃபிலிமைக் கழுவ ஸ்டுடியோவில் கேமராவையே கொடுத்துவிட வேண்டும். ஸ்டுடியோக்காரர் அதை உடைத்துத்தான் ஃபிலிமை எடுக்க முடியும். ஆகவே பழைய கூடு தானாகவே அவர் கையில் வந்து விழுந்தது. ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு சிறு தொகை கொடுத்து கோடாக் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிளாஷ் சர்க்யூட் போன்றவற்றைச் சோதித்துப் புதுக் கேமராவில் பொருத்தியது. வாடிக்கையாளரிடம் யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக நிற்கும் ஏற்பாடு கரூர் காகிதபுரத்தில் இருக்கிறது. 1979-இல் அரசு நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையைப் பிரதான மூலப்பொருளாகக் கொண்டது. சர்க்கரை ஆலைகளுக்குச் சக்கை குப்பை கிடையாது. அவர்களுடைய பாய்லருக்கு அதுதான் விறகு. எனவே சக்கையைக் கேட்கிறவர் விறகுக்கு வழி சொல்ல வேண்டும். காகித ஆலை நிலக்கரியோ நீராவியோ கொடுத்து, பதிலாகச் சக்கையை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்று ஒப்பந்தத்தில் இது நடக்கிறது. ஆலையின் சுத்திகரித்த கழிவுநீர் சுற்றுவட்டார வயல்களுக்குப் பாசனத்துக்குப் போகிறது. அங்கும் கரும்பு விளைகிறது. சுழற்சிப் பொருளாதாரம் பாடம் எடுக்கும் நம் கல்லூரிகளில் ஓர் ஆலையின் கழிவை இன்னோர் ஆலை பயன்படுத்தும் டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரம் தவறாமல் வருகிறது, காகிதபுரம் வருவதில்லை. வர வேண்டும்.

மறுஉற்பத்திப் பொருளைக் கடையில் வைத்தால் புதுப் பொருளின் விற்பனை படுத்துவிடும் என்ற பயம் எல்லா நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலும் உண்டு. பல நல்ல திட்டங்களைக் கொன்றது இந்தப் பயம்தான். கைட்டும் லீ என்ற ஆய்வாளரும் இதைச் சோதிக்க ஒரு நேர்த்தியான வழியைப் பிடித்தார்கள். ஈபே இணைய ஏலத்தில் ஒரே பொருளின் புதியதையும் மறுஉற்பத்தி செய்ததையும் ஏலத்துக்கு விட்டார்கள். வீட்டு உபயோகப் பொருளுக்கு ஸ்கில் நிறுவனத்தின் ஒரு ரம்பக் கருவி. அலுவலக உபயோகத்துக்கு சிஸ்கோவின் ஒரு வலைப்பின்னல் பாதுகாப்புக் கருவி. ரம்பத்தில் புதியதைக் கேட்டவர்களும் பழையதைக் கேட்டவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். புதுசு வேண்டும் என்பவர் பழையதன் பக்கம் திரும்பவே இல்லை. சிஸ்கோ கருவியில் மட்டும் இரண்டு ஏலத்திலும் கை தூக்கியவர்கள் இருந்தார்கள்; அங்கே பயத்துக்கு ஓரளவு நியாயம் இருந்தது. கட்டுரை 2010-இல் வந்தது. மேஜையில் உட்கார்ந்து ஊகித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை உண்மையான ஆட்கள் உண்மையான காசைப் போட்டுத் தீர்த்துவைத்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் அழகு.

ஆனால் இந்த முடிவுக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. அதை எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் வான் வாஸன்ஹோவவுடன் சேர்ந்து ஆய்வு செய்த ரோலண்ட் கெயர். பழையதை வாங்குபவர் வேறு ஆள், புதியதை வாங்குபவர் வேறு ஆள் என்றால் நிறுவனத்துக்கு மகிழ்ச்சி, பூமிக்கு என்ன? ஒரு பழைய செல்பேசி விற்பதால் ஒரு புதிய செல்பேசி செய்யப்படாமல் போனால்தான் சுரங்கத்துக்கு ஓய்வு. இரண்டும் சேர்ந்தே விற்றால் மொத்தப் பயன்பாடு கூடத்தான் செய்யும். கெயரும் டிரெவர் ஜிங்க்கும் 2017-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது. அதே ஆண்டில் கெயர் வேறு இருவரோடு சேர்ந்து, 2015 வரை உலகம் செய்த மொத்த பிளாஸ்டிக் 830 கோடி டன் என்றும், குப்பையானதில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 சதவீதமே என்றும் கணக்கிட்டுச் சொன்னார். லாபம் இருந்தால் சுழற்சி நடக்கும் என்று நிறுவிய அதே வட்டத்திலிருந்து, சுழற்சி நடந்தால் மட்டும் போதுமா என்ற கேள்வியும் எழுந்தது. ஓர் ஆய்வு மரபின் நேர்மைக்கு இதைவிட வேறு அடையாளம் தேவையில்லை.

2009-இல் கைட்டும் வான் வாஸன்ஹோவவும் துறையின் பதினைந்து ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பட்டறைச் சிக்கலில் தொடங்கி, திரும்பும் பாதை, பங்காளிகளுக்கிடையேயான ஒப்பந்தம், பொருளின் முழு ஆயுள், கடைசியாக விலையும் சந்தையும் என்று ஐந்து கட்டங்களில் துறை வளர்ந்த கதை அதில் இருக்கிறது. இளம் ஆய்வாளர் ஒவ்வொருவரும் அதிலுள்ள ஓர் எச்சரிக்கைக்காகவே அதைப் படிக்க வேண்டும். முதலில் எழுதியவர் வசதிக்காக வைத்த ஓர் அனுமானத்தை அடுத்தவர் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார். அவரிடமிருந்து அதற்கு அடுத்தவர். சில ஆண்டுகளில் கணிதம் அழகாகவும் தொழில் காணாமலும் போய்விடுகிறது. இருவரும் இதற்குத் தப்பியது தொழிற்சாலை வாசலை விட்டு விலகாததால். இன்று இந்தியாவிலும் நிலைத்த விநியோகச் சங்கிலி என்ற தலைப்பில் முனைவர் பட்டத்துக்குப் பதிபவர்கள் பெருகி வருகிறார்கள். வினாத்தாளை மின்னஞ்சலில் அனுப்பி, வந்த பதில்களை மென்பொருளில் ஓட்டி முடிக்கும் ஆய்வேடுகளுக்கு இடையே, ஒரு சாயப்பட்டறையிலோ டயர் ரீட்ரெடிங் கடையிலோ ஒரு பருவம் முழுக்க நின்று பார்த்த ஆய்வேடு கைக்குக் கிடைத்தால் அது பொக்கிஷம்.

வான் வாஸன்ஹோவவின் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. பேரிடர் நிவாரணப் பொருள்களின் போக்குவரத்தை ஆராய இன்சியாடில் ஒரு குழுவை அவர் வளர்த்தார். 2006-இல் அச்சான அவருடைய பிளாக்கெட் நினைவுச் சொற்பொழிவு, நிவாரணப் பணியில் சுமார் 80 சதவீதம் சரக்கைக் கொண்டு சேர்க்கும் வேலைதான் என்றது. இதைப் படிக்கும் தமிழருக்கு 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வராமல் இருக்காது. ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துக்கு நாடெங்கிலுமிருந்து பழைய துணி மூட்டைகள் வந்து குவிந்தன. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. துணிகள் சாலையோரங்களில் மலையாகக் கிடந்தன. அனுப்பியவர்கள் மனம் வெள்ளை. ஆனால் பெறுகிறவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பிரிக்க ஆள் இல்லை, வைக்க இடம் இல்லை. ரீசெல்லுலாரின் வாசலில் இருந்த தரம்பிரிப்பு இங்கே இல்லாமல் போனது.

சட்டங்கள் இந்த ஆய்வுகளுக்குப் பின்னால் மெதுவாக வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் கொண்டுவந்த மின்கழிவு ஆணை, தலைக்கு ஆண்டுக்கு 4 கிலோ சேகரிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. எடையை இலக்காக வைத்தால் ஃபிரிட்ஜ் ஜெயிக்கும், செல்பேசி தோற்கும். உள்ளே இருக்கும் பொன்னும் கோபால்ட்டும் தராசில் தெரியாது. வான் வாஸன்ஹோவவின் மாணவரான அட்டலாய் அடாசு இந்த வகைச் சட்டங்களின் பொருளாதாரத்தைத் தம் ஆய்வுப்பொருளாக்கிக்கொண்டார். இருவரும் செலின் டூமாவும் சேர்ந்து 2021-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை, நிறுவனங்களுக்கு மூன்று வழிகளை முன்வைக்கிறது. பொருளை விற்காமல் தானே சொந்தமாக வைத்து வாடகைக்கு விடுவது ஒன்று. நெடுநாள் உழைக்கும்படி செய்வது இன்னொன்று. மறுசுழற்சிக்கு ஏற்றபடி வடிவமைப்பது மூன்றாவது. எதைத் தேர்வது என்பது, பொருளைத் திரும்பப் பெறுவது எவ்வளவு எளிது, அதன் மதிப்பை மீட்பது எவ்வளவு எளிது என்ற இரண்டைப் பொறுத்தது.

இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளும் எடையில்தான் கணக்கிடுகின்றன. தயாரிப்பாளரின் மறுசுழற்சிக் கடமை 2023-24-இல் 60 சதவீதத்தில் தொடங்கி 2027-28-இல் 80 சதவீதமாக உயர்கிறது. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கி அதை நிறைவேற்றலாம். ஆனால் அதே விதிகளில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு பொருளைப் பதிவுபெற்ற புதுப்பிப்பாளர் சரிசெய்து மீண்டும் உபயோகத்துக்கு அனுப்பினால், அந்த எடைக்கான மறுசுழற்சிக் கடமை அப்பொருளின் நீட்டித்த ஆயுள் முடியும்வரை தள்ளிப்போகிறது. முடிந்தபின்னும் 75 சதவீதம்தான் தயாரிப்பாளரின் கணக்கில் சேர்கிறது. அதாவது பழுதுபார்ப்புக்கு இந்தியச் சட்டம் ஒரு விலையைக் கொடுத்திருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டைப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்துச் சால்டரிங் செய்யும் தொழிலாளிக்கு அந்த விலையில் எவ்வளவு போய்ச் சேரும், பதிவில்லாத அவருடைய கடை இந்தக் கணக்குக்குள் எப்படி வரும் என்பதை ஒரு முனைவர் பட்ட மாணவர் அந்தத் தெருவிலேயே போய் நின்று அளந்து எழுதலாம்.